கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இரவு எட்டரை மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, மண்ணூர்பேட்டையில் இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஊருக்குப் போன் போடுகிறான்.

"அம்மா, வத்தக்குழம்புக்கு உப்பு எவ்வளவும்மா?"

"கல்லுப்பு ஒரு சின்னக் கை போடுப்பா."

"சின்னக் கைன்னா எத்தனை ஸ்பூன்?"

"ஸ்பூன்லாம் யாரு கண்டா? போடும்போது தெரியும்."

"எப்ப இறக்கணும்?"

"பச்சை வாசம் போயி எண்ணெய் பிரிஞ்சு மேல வரும்ல, அப்ப இறக்கிடு."

பையனுக்கு எரிச்சல். அம்மாவுக்கும்தான். முப்பது வருடமாகக் குழம்பு வைக்கிறவர். உப்பு கூடிப்போனது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே சொல்ல வரவில்லை. அவர் எதையும் ஒளிக்கவில்லை, உண்மையிலேயே சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு காட்சி. பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூவை வைத்திருக்கும் ஊர் பூந்தமல்லி. அங்கே கடைத்தெருவில் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இடது கை விரலிடுக்கில் இரண்டு பூ, எதிர்ப்பக்கம் இரண்டு பூ, வலது கையில் நார். ஒரு சுழற்று, ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துவிடுகிறது. கண் வருகிறவர் போகிறவரைப் பார்க்கிறது, வாய் முழம் விலை சொல்கிறது. "அந்த முடிச்சை எப்படிப் போடுறீங்கம்மா? மெதுவாச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். கை நின்றுவிடும். இரண்டு முறை தடுமாறும். "இப்படித்தாங்க" என்று மறுபடி வேகமாகக் கட்டிக் காட்டுவார். வேகமாக வருவது மெதுவாக வரவில்லை!

தெரிந்த ஒன்றைச் சொல்ல ஏன் முடிவதில்லை? சொல்லவே முடியாத ஒன்றை அடுத்தவர் எப்படித்தான் கற்றுக்கொள்கிறார்? சமையல், அடுமனை வேலை, தையல் மூன்றுக்கும் பொதுவான கேள்வி இது.

நட்சத்திரம் வரைந்த மனிதர்

விடையின் முதல் பாதி ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருடைய 27-வது வயதில், வலிப்பை அடக்குவதற்காக மூளையின் இரு பக்கமும் பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற கடல்குதிரை வடிவ உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் பேசிவிட்டுப் போன டாக்டர் மாலையில் வந்தால், அவர் புது ஆள்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் இவருக்கு ஒரு விளையாட்டுக் கொடுத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம். இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் சுற்றி வர வேண்டும். ஆனால் கையையும் தாளையும் கண்ணாடியில்தான் பார்க்கலாம். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் கை எதிர்ப்பக்கம் ஓடும். வீட்டில் செய்து பாருங்கள், முதல் முறை கோடு கண்டபடி போகும். மொலைசனுக்கும் அப்படித்தான் போனது. ஆனால் மூன்று நாள் பயிற்சியில் அவருடைய பிழைகள் மளமளவென்று குறைந்தன. மூன்றாம் நாள் கோடு சுத்தமாக வந்தது. அதே மூன்றாம் நாளிலும், இதற்கு முன்னால் இந்த விளையாட்டை ஆடியதாக அவருக்கு நினைவே இல்லை. மில்னர் இதை 1962-ல் வெளியிட்டார்.

மனிதருக்கு நினைவு என்பது ஒன்றல்ல என்பதை அந்த நட்சத்திரம் காட்டிக்கொடுத்தது. ஊர், பேர், தேதி, நேற்று நடந்தது எல்லாம் ஒரு வகை, வாயால் சொல்லக்கூடியவை. இதைச் சொல் நினைவு என்போம். சைக்கிள் ஓட்டுவது, முடிச்சுப் போடுவது, மாவு பிசைவது வேறு வகை. அதைக் கை நினைவு என்று வைத்துக்கொள்வோம். சொல் நினைவு பதிவதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். கை நினைவு அந்த வழியாகப் போவதில்லை. பிடரிக்கு மேல் இருக்கும் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளும் சேர்ந்து அதைக் கட்டுகின்றன. இந்த இடங்களுக்கு மொழி கிடையாது.

போனில் அம்மா திணறியதற்கும், பூக்காரம்மாவின் கை நின்றதற்கும் இதுதான் காரணம். கேள்வியை நாம் சொல் நினைவிடம் கேட்கிறோம். விடை இருப்பதோ கை நினைவில்.

முதல் நாள்: நூல் இல்லாத ஊசி

அப்படியானால் கை நினைவுக்குள் பாடம் எப்படி நுழைகிறது? இதைப் பார்க்கத் தையல் வகுப்பைவிட நல்ல இடம் இல்லை. கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் என்று அம்பத்தூர் வழியாகப் போகும் ரயில் பாதை நெடுக வீட்டு மாடியிலும் முன்னறையிலும் தையல் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பில் காலால் மிதிக்கும் மிஷின் முன்னால் உங்களை உட்கார வைக்கிறேன். நீங்கள் ஆணா பெண்ணா, என்ன வயது என்பது இங்கே முக்கியமில்லை.

முதல் நாள் துணியும் கிடையாது, நூலும் கிடையாது. கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்திவிடுவார்கள். இப்போது சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. பெடலை மட்டும் மிதிக்கச் சொல்வார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மிதித்துப் பாருங்கள். நாலு சுற்று போனதும் சக்கரம் திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பும். கைச்சக்கரம் எப்போதும் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிரே போனால் நிஜத் தையலில் நூல் சிக்கி அறும். பெடல் மேலே போய்க் கீழே இறங்கும் திருப்பத்தில் ஒரு கணம் இருக்கிறது. அப்போது சக்கரம் எந்தப் பக்கமும் போகலாம். அந்தக் கணத்தில் முன்பாதத்துக்குப் பதில் குதிகாலை அழுத்தினால் காரியம் கெட்டது. "முன்னாடி ஒரு அமுக்கு, பின்னாடி ஒரு அமுக்கு" என்று டீச்சர் சொல்வார். அந்தச் சொல் காலுக்குப் போய்ச் சேராது. சக்கரம் பின்னோக்கிப் போகும்போது கால் அதை உணர்கிறது பாருங்கள், அதுதான் காலுக்குப் புரியும் பாஷை. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்களின் கால் அந்தத் திருப்பத்தைப் பிடித்துவிடுகிறது. எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது.

அடுத்து, திருகை இறுக்கி ஊசியை இயக்குவார்கள். நூல் இப்போதும் கிடையாது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளை ஊசிக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வார்கள். ஊசி தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டுக்கொண்டே போகும். தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் பிழை முழுவதும் அதில் எழுதியிருக்கும். எந்த இடத்தில் இடது பக்கம் விலகினீர்கள், எங்கே பதறி இழுத்தீர்கள், எங்கே கால் நின்றது, எல்லாம். துணியில் இந்த அளவுக்குத் தெரியாது. துணி நெளியும், நூலின் நிறம் மறைக்கும்.

இந்த நோட்டுத்தாள் பயிற்சியை யார் முதலில் ஆரம்பித்தாரோ, எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. இன்றைய மூளை அறிவியல் சொல்லும் மூன்று விஷயம் அந்த ஒரு தாளுக்குள் இருக்கிறது. காலும் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியதைப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுக்கிறது. பிழையை அந்த நொடியே கண்ணுக்குக் காட்டுகிறது. பிழை செய்தால் நஷ்டம் ஒரு தாள் மட்டும்தான். மீட்டர் கணக்கில் வாங்கிய ஜாக்கெட் துணி அல்ல.

சிறுமூளை செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் 'இப்படி முடியும்' என்று ஒரு கணிப்பை வைத்துக்கொள்கிறது. அசைவு முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அடுத்த அசைவைக் கொஞ்சம் மாற்றுகிறது. வித்தியாசம் இல்லையென்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆக, கைக்குப் பாடம் என்பதே பிழைதான். பார்வையைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பந்து எறிந்தால் முதலில் எல்லோருக்கும் குறி தவறும். இருபது முப்பது எறியில் கை சரிக்கட்டிக்கொள்ளும். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களின் கை அப்படிச் சரிக்கட்டுவதில்லை. குறி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தவறிக்கொண்டே இருக்கும்.

நாலு சென்டிமீட்டர்

நேர்க்கோடு வந்துவிட்டது. இப்போது பழைய துணி, நூல், பாபின். புதிதாகத் தைக்கிறவர் எங்கே பார்க்கிறார்? ஊசியை. பயமும் ஒரு காரணம்; விரலில் ஏறிவிடுமோ என்ற பயம். தேர்ந்த டெய்லர் ஊசியைப் பார்ப்பதே இல்லை. அவர் கண் ஊசிக்கு முன்னால், துணியின் ஓரம் அழுத்துக் கட்டையைத் தொடும் இடத்தில் இருக்கும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணில் பட்டதைக் கை திருத்துவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். நீங்கள் மெதுவாக மிதிக்கிறீர்கள், நிமிடத்துக்கு 300 தையல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5. விலகலைக் கண்டு கை திருத்துவதற்குள் ஒரே ஒரு தையல் கோணலாகப் போயிருக்கும். யாருக்கும் தெரியாது. இப்போது அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் மோட்டார் மிஷினுக்கு வாருங்கள். அந்த வகை மிஷின்கள் நிமிடத்துக்கு 5,000 தையல்வரை போகக்கூடியவை. முழு வேகத்தில் நொடிக்கு 83. ஐந்தில் ஒரு நொடிக்குள் 16 தையல் விழுந்துவிடும். தையலுக்கு இரண்டரை மில்லிமீட்டர் நீளம் என்றால், கோணல் தெரிந்து கை அசைவதற்குள் நாலு சென்டிமீட்டர் போய்விட்டது. காலரில் நாலு சென்டிமீட்டர் கோணல் என்றால் அந்தச் சட்டை செக்கிங்கில் திரும்பி வரும்.

அதனால்தான் அங்கே வேலை பார்க்கிறவர்களின் கண் ஊசியில் இல்லை. வரப்போவதைப் பார்த்து, கையை முன்கூட்டியே திருப்புகிறார்கள். சமையலறையிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் மைக்கேல் லேண்டும் சகாக்களும் 1999-ல், டீ போடுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று தலையில் கேமரா கட்டிப் பதிவு செய்தார்கள். கை கெட்டிலைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே கண் கெட்டிலுக்குப் போய்விடுகிறது. கை அந்த வேலையை முடிப்பதற்குள் கண் அடுத்த பாத்திரத்துக்குத் தாவிவிடுகிறது. தேவையில்லாத பொருள்மேல் கண் போவதே அபூர்வம். பருப்பைக் கடைந்துகொண்டே தாளிப்புக் கரண்டிக்குக் கை நீட்டும் உங்கள் பாட்டியின் கண்ணைக் கவனியுங்கள். கை எப்போதும் கண்ணுக்கு அரை நொடி பின்னால்தான் இருக்கும்.

புதிதாகக் கற்கிறவர்களிடம் "பயப்படாம வேகமா மிதி" என்று சொல்லும் வழக்கம் சில வகுப்புகளில் இருக்கிறது. அது தவறு. மெதுவாக ஓட்டுவது கோழைத்தனம் இல்லை. பிழையைக் கண் பிடிக்கும் வேகத்துக்குள் கையை வைத்திருப்பது அது. வேகம் பின்னால் தானாக வரும், வந்துகொண்டேயும் இருக்கும். கிராஸ்மன் என்ற ஆய்வாளர் 1959-ல் சுருட்டு செய்யும் தொழிலாளர்களைக் கவனித்து எழுதினார். மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில், லட்சக்கணக்கான சுருட்டுகளுக்குப் பிறகும் அவர்கள் வேகம் கூடிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் பெரிய தாவல், போகப் போகச் சின்னச் சின்ன ஏற்றம்.

பிழை எப்போது வந்து சேர்கிறது?

இங்கிருந்து அடுப்படிக்குப் போவோம். ரசம் கற்பது சுலபம், இட்லி மாவு கற்பது கடினம், கேக் அதைவிட வேறு மாதிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன்? பொருள்கள் அதிகம் என்பதாலா? இட்லிக்கு அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர் நாலுதான்.

என் விடை இது: பிழை வந்து சேர எவ்வளவு நேரமாகிறதோ, அந்த அளவுக்குக் கற்பது கடினம். ரசத்தில் உப்புப் போட்டதும் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்க்கிறோம். பிழை மூன்று நொடியில் வந்துவிடுகிறது, திருத்தவும் வழியிருக்கிறது. கேக்கை ஓவனுக்குள் வைத்து மூடியபின் கைக்கு வேலையே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து நடுவில் குழி விழுந்திருந்தால், காரணம் பேக்கிங் பவுடரா, சூடா, அடித்த விதமா என்று கைக்குத் தெரியாது. அதனால்தான் அடுமனைக்காரர்கள் கிராம் கணக்கில் எடை போடுகிறார்கள். கைப்பக்குவத்தை நம்பாதவர்கள் என்று அவர்களைக் குறைத்துப் பேசக் கூடாது. இடையில் திருத்த முடியாத வேலைக்கு அளவுதான் பிடிமானம்.

இட்லி மாவுக்குத் தாமதம் ஒரு முழு நாள். காலையில் ஊறவைத்து, மாலையில் அரைத்து, மறுநாள் காலையில்தான் பிழை தெரியும். மாவைப் பொங்க வைப்பது எது? முகர்ஜியும் சகாக்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு அந்த வேலையைச் செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று காட்டியது. அது உளுந்தோடும் அரிசியோடுமே வீட்டுக்குள் வருகிறது. காற்றுக் குமிழியையும் புளிப்பையும் சேர்த்தே தருகிறது. உளுந்தின் பசை அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. உயிர் என்பதால் அதற்கு வெயிலும் குளிரும் உண்டு. ஆவடியில் சித்திரை மாதம் இரவு பதினொரு மணிக்கே மாவு பாத்திரத்தை விட்டு வழியும். மார்கழியில் காலை ஏழு மணிக்கும் அசையாமல் கிடக்கும். அளவு ஒன்றுதான். "அதே அளவுதான் போட்டேன், இன்னைக்கு மட்டும் கல்லு மாதிரி வந்துடுச்சு" என்று நொந்துகொள்கிறவர்கள், போட்ட அளவை நினைவில் வைத்திருக்கிறார்கள். அறையின் சூட்டையும் ஊறிய மணிக்கணக்கையும் உளுந்து பழசா புதுசா என்பதையும் மறந்துவிட்டார்கள். ஒரு நாள் கழித்து வரும் பிழையை எந்தக் காரணத்தோடு கோர்ப்பது என்று கைக்குத் தெரியாது.

இங்கேதான் நோட்டு உதவும். உடனடியாகப் பிழை தெரியும் வேலைக்கு நோட்டு தேவையில்லை, கையை விட்டுவிடுங்கள். தாமதமாகத் தெரியும் வேலைக்கு எழுதி வைத்தே ஆக வேண்டும். தேதி, ஊறிய நேரம், அரைத்து வைத்த நேரம், பொங்கிய நேரம், அடுத்த நாள் இட்லி எப்படி. ஒரு வரி போதும். சித்திரையில் தொடங்கி மார்கழிவரை எழுதினால், உங்கள் வீட்டு அடுப்படியின் பருவக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். அது வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பதம்

சொல்ல முடியாததைச் சொல்லத் தமிழ்ச் சமையல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அதன் பெயர் பதம். பாகு காய்ச்சும்போது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டை வைத்துப் பிரித்தால் ஒற்றை இழை நிற்கிறதா? கம்பிப் பதம். கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் உருண்டை திரள்கிறதா? உருட்டுப் பதம். பாகில் தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரையின் பங்கு கூடக் கூட, அது கொதிக்கும் சூடும் ஏறுகிறது. கம்பிப் பதம் 105 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். உருட்டுப் பதம் 112-லிருந்து 116-க்குள். வெப்பமானி இல்லாத காலத்தில், விரலையும் கிண்ணத்துத் தண்ணீரையும் வைத்து ஏழெட்டு டிகிரி வித்தியாசத்தைப் பிரித்தறிந்து, அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். போனில் அம்மா சொன்ன "எண்ணெய் பிரிஞ்சு வரும்" என்பதும் இந்த வகைதான். மகன் நிமிடக் கணக்குக் கேட்கிறான். அம்மா சரிபார்க்கும் குறியைச் சொல்கிறார். நிமிடம் அடுப்புக்கு அடுப்பு மாறும், குறி மாறாது. அம்மாவின் பதில்தான் சரியான பதில்.

இதை முழுதாகப் புத்தகத்தில் ஏற்றியவர் எஸ். மீனாட்சி அம்மாள். குடும்பத்தில் கல்யாணமாகிப் போனவர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி அய்யர், எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடு என்று தூண்டினார். 1951-ல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. அந்தத் தலைப்பு என்னை எப்போதும் நிறுத்தும். படித்துப் பார் என்று அவர் பெயர் வைக்கவில்லை.

ஒசாகாவில் ஒரு மாவு

எழுத்தும் எந்திரமும் எட்டாத இடத்துக்கு ஜப்பானிலிருந்து ஓர் உதாரணம். 1980-களில் ஒசாகாவின் மட்சுஷிதா எலக்ட்ரிக் கம்பெனி, வீட்டில் ரொட்டி சுடும் எந்திரம் செய்ய முயன்றது. மேலே தீய்ந்தது, உள்ளே வேகவில்லை. தேர்ந்தவர் பிசைந்த மாவையும் எந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர் 1985-ல் வேறு வழியில் போனார். நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் சீடராகச் சேர்ந்தார். மாவு பிசைந்தார். ஒருநாள் கவனித்தார்: அந்த மாஸ்டர் மாவை இழுப்பதோடு, இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார். மாஸ்டர் அதை ஒருபோதும் சொன்னதில்லை. அந்த முறுக்கை எந்திரத்தில் கொண்டுவர, பாத்திரத்தின் உட்புறத்தில் தனி விளிம்புகள் வைத்தார்கள். 1987-ல் எந்திரம் சந்தைக்கு வந்தது.

தனாகா பார்த்ததோடு நிற்கவில்லை, பக்கத்தில் நின்று பிசைந்தார். தன் மாவும் மாஸ்டர் மாவும் வேறு வேறாக வந்ததால்தான் அந்த முறுக்கு அவர் கண்ணில் பட்டது. நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர்களின் கைவீச்சை வெளியில் நின்று ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். எத்தனை பேருக்கு வீசத் தெரியும்?

"கண் பார்த்தால் கை செய்யும்" என்பது கெட்டிக்காரர்களைப் பாராட்டும் வழக்கு. ஏற்கெனவே நிறையச் செய்தவர்களுக்கு அது பொருந்தும். புதியவர்களுக்கு? கார்டாஸ், ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட சோதனைகளில், மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் போன்ற வித்தைகளின் வீடியோவைச் சிலருக்கு ஒரே ஒரு முறை, சிலருக்கு 20 முறை காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தங்களால் நன்றாகச் செய்ய முடியும் என்று நம்பினார்கள். செய்யச் சொன்னபோது ஒரு முறை பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்யவில்லை. நம்பிக்கை மட்டும் வளர்ந்திருந்தது. கேக் வீடியோ பத்துப் பார்த்துவிட்டு முதல் கேக் சரியாக வராததால் மனம் உடைந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் திறமை குறைவில்லை. உங்கள் கை இதுவரை பாடத்தையே தொடங்கவில்லை.

தினம் ஒரு மணி நேரம்

கோடை விடுமுறையில் 'பத்தே நாளில் தையல்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழகலாம் என்பதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தபால்காரர்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. பேட்லி, லாங்மன் இருவரும் 1978-ல் வெளியிட்ட முடிவு: தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் விசைப்பலகையைக் கற்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் என்று பழகியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் தினம் ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் மனக்குறை அதிகம். மற்றவர்கள் தேதிக் கணக்கில் முந்திப்போவதைப் பார்த்து, தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்தார்கள்.

இடைவெளியில் கை சும்மா இருப்பதில்லை. பழகியதை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. நேற்று வராத வளைவுத் தையல் இன்று காலையில் சட்டென்று வருவதற்குக் காரணம் அது. தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு மிஷின் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. மிஷின் ஒரே நாளில் வந்துவிடும். கை வருவதற்குத் தினம் ஒரு மணி நேரமும், ஒரு கட்டு நோட்டுத்தாளும், சில மாதமும் வேண்டும்.

யாருக்கு வரும்?

"அதெல்லாம் பொம்பளப் பிள்ளைக்குத் தானா வரும்" என்ற பேச்சை இன்னும் கேட்கிறோம். அதனால்தான் மண்ணூர்பேட்டைப் பையன் இருபத்திரண்டு வயதில் முதல் முறையாக உப்பைப் பற்றிக் கேட்கிறான். அவன் தங்கை பத்து வயதிலேயே அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் நட்சத்திரம் வரைந்த கைக்கும் மிஷின் மிதித்த காலுக்கும் ஆண் பெண் கணக்கு எதுவும் இல்லை. டாங்கி செய்யும் ஊர் என்றே ஆவடியை அறிகிறோம். அதே ஆவடியில் 1961 முதல் ராணுவச் சீருடை தைக்கும் ஆலை ஓடுகிறது. அங்கே ஆண்களும் உட்கார்ந்து தைக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் இலைக்குச் சமைக்கிற மாஸ்டர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூலி என்று வந்தால் ஆணுக்கு வருகிற கை, வீட்டுக்குள் மட்டும் எப்படி வராமல் போகும்? தங்கைக்கு வந்தது பத்து வயதிலிருந்து கிடைத்த ஆயிரம் பிழைகளால். அவனுக்கு அந்தப் பிழைகளைச் செய்ய யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை ஊருக்கு வரும் மகன் "எவ்வளவு உப்பு" என்று கேட்டால், அளவு சொல்ல முயலாதீர்கள் அம்மா. உப்பு ஜாடியை அவன் கையில் கொடுங்கள். அவன் அள்ளிப் போடட்டும். ஒரு சொட்டை அவன் உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடிப்போயிருந்தால் திட்ட வேண்டாம், அன்றைக்கு மட்டும் குழம்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம்.